டார்ச் இல்லாமல் ஒரு நடை: நட்சத்திரம் பார்க்க வழிகாட்டி எதற்கு?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரைஸ் கேன்யன் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. கோடைகாலப் பௌர்ணமி இரவுகளில் அங்குள்ள ரேஞ்சர்கள் ஒரு சின்னக் குழுவைப் பள்ளத்தாக்குக்குள் நடத்திக் கூட்டிப் போகிறார்கள். ஒன்றிரண்டு மைல் நடைதான். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். குலுக்கலில் பெயர் வந்துவிட்டாலும் இரண்டு கண்டிஷன் உண்டு. ஒன்று, அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டிருக்க வேண்டும். இரண்டு, டார்ச் கூடாது. தலையில் மாட்டிக்கொள்கிற விளக்கும் கூடாது.

முதல் கண்டிஷன் சரி. இரண்டாவதுதான் யோசிக்க வைக்கிறது. ராத்திரி நேரம், மலைப்பாதை, வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது, ஓரத்தில் சரிவு. கையில் இருக்கிற விளக்கை வாங்கி வைத்துக்கொண்டு நடக்கச் சொல்வது பாதுகாப்பா, ஆபத்தா?

இதைத் தேடிப் படிக்கப் போனால் விஷயம் மூன்று திசையில் விரிகிறது: நம் கண் எப்படி வேலை செய்கிறது, நிலா என்ன செய்கிறது, ஊர் விளக்குகள் என்ன செய்கின்றன. மூன்றையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. இரவு நடையில் வழிகாட்டியின் முதல் வேலை குழுவின் இருட்டைக் காவல் காப்பது. நட்சத்திரம் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

கண்ணுக்குள் நடக்கிற வேலை

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனதும் கண் செய்கிற முதல் காரியம், கண் பாவையை அகலமாகத் திறப்பது. பகலில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருக்கிற துளை 7 மில்லிமீட்டர் வரை விரியும். இதற்குச் சில நொடிகள் போதும். ஆனால் இதனால் கிடைக்கிற லாபம் சுமார் பத்து மடங்கு வெளிச்சம், அவ்வளவுதான். வயசாக ஆக இந்த விரிவும் குறையும். அறுபது வயசுக்காரரின் பாவை இருபது வயசுக்காரருடையது அளவுக்குத் திறக்காது.

பெரிய மாற்றம் விழித்திரையில் நடக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: கூம்பு செல்கள், குச்சி செல்கள். கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். பகல் வெளிச்சத்தில் நிறமும் நுணுக்கமும் காட்டுபவை இவைதான். குச்சி செல்கள் சுமார் 12 கோடி. நிறம் தெரியாது, ஆனால் மிக மங்கலான ஒளியையும் பிடித்துவிடும். இவற்றுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். இருட்டில் மெல்ல மெல்லத் திரும்ப உருவாகும். அப்படி உருவாவதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அந்தச் சத்து குறைந்தவர்களுக்கு மாலைக்கண் வருவது இதனால்தான்.

இந்த 'மெல்ல மெல்ல' என்பதுதான் முக்கியம். இருட்டுக்குப் போன முதல் ஐந்து, பத்து நிமிடம் கூம்பு செல்கள் தங்களால் முடிந்த அளவுக்குப் பழகிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். 'இனிமேல் இதுக்கு மேல தெரியாது போல' என்று நமக்குத் தோன்றுகிற நேரம் அது. அதற்குப் பிறகுதான் குச்சி செல்கள் முந்திக்கொண்டு வரும். அரை மணி நேரம், நாற்பது நிமிடம் ஆகும்போது கண்ணின் கூர்மை ஆரம்பத்தில் இருந்ததைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் ஏறியிருக்கும்.

மொட்டைமாடிக்குப் போய் இரண்டு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு 'ஒண்ணும் தெரியல' என்று இறங்கி வருகிறோமே, நாம் பார்த்தது பழகாத கண்ணால்.

சரி, இவ்வளவு பாடுபட்டு அரை மணி நேரத்தில் சேர்த்ததை இழக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. பக்கத்தில் நிற்பவர் வாட்ஸ்அப் பார்க்கிறேன் என்று செல்போனைத் திறந்து, அந்த வெள்ளைத் திரை உங்கள் முகத்தில் பட்டால் போதும். எவ்வளவு பளிச்சென்று பட்டதோ அதற்கேற்ப மறுபடியும் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். போனைத் திறந்தவர் ஒருத்தர், நஷ்டம் சுற்றி நிற்கிற எல்லோருக்கும்.

டார்ச் கூடாது என்கிற கட்டுப்பாட்டின் முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் பாதுகாப்பைப் பற்றியது. நிலவொளியில் டார்ச் அடித்தால் அந்த வட்டம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதைச் சுற்றி இருக்கிற மீதி எல்லாம் கறுப்பாகிவிடும். டார்ச்சை அணைத்தால் அந்த வட்டமும் தெரியாது. குழுவில் பாதிப் பேர் டார்ச்சோடும் பாதிப் பேர் இல்லாமலும் நடந்தால், டார்ச் இல்லாதவர்கள்தான் கால் தவறுவார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே விதி.

தவிர்க்க முடியாமல் விளக்கு தேவைப்படும் இடங்களில் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவார்கள். குச்சி செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு நன்றாக எதிர்வினை காட்டும், ஆழ்ந்த சிவப்புக்கு ஏறக்குறைய குருடு. அதனால் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் பாதையைப் பார்த்துக்கொள்ளலாம், ரோடாப்சின் அப்படியே இருக்கும். 'மங்கலான' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். சிவப்பு என்பதற்காகக் கண்ணைக் கூசுகிற விளக்கைப் பிடித்தால் அதுவும் கெடுக்கும்.

நடை என்கிற காத்திருப்பு

இப்போது இன்னொரு கேள்வி. நட்சத்திரம் பார்க்க எதற்கு நடக்க வேண்டும்? பார்க்கிங்கில் காரை நிறுத்தி, இறங்கி, தலையைத் தூக்கினால் போதாதா?

முப்பது பேரைக் கொண்டுவந்து ஓர் இருட்டான இடத்தில் நிறுத்தி, 'அரை மணி நேரம் சும்மா இருங்க, போனைத் தொடாதீங்க' என்று சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் யாராவது மணி பார்ப்பார்கள். அதே முப்பது பேரை நடக்க வையுங்கள். கால் எங்கே படுகிறது என்பதில் கவனம் போய்விடும். முன்னால் போகிறவரின் நிழலைப் பின்தொடர வேண்டும், வழிகாட்டியின் குரலைக் கேட்க வேண்டும். அரை மணி நேரம் போனதே தெரியாது. நின்று மேலே பார்க்கும்போது கண் தயாராக இருக்கும். கண் பழகுவதற்குத் தேவையான நேரத்தை நடை வாங்கித் தந்துவிடுகிறது.

கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. புதிதாக வருகிற ஒவ்வொரு காரின் ஹெட்லைட்டும் அங்கே நிற்பவர்களின் கண்ணை மறுபடி முதல் நிமிடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அதிலிருந்து தப்பிக்கவாவது கொஞ்ச தூரம் நடந்தே ஆக வேண்டும்.

வழிகாட்டி தேவைப்படுவதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. குச்சி செல்களால் பார்க்கும்போது பார்வையின் நுணுக்கம் பகலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். படி எங்கே முடிகிறது, கல் எவ்வளவு உயரம் என்பதை மட்டுக்கட்டுவது சிரமம். பிரைஸ் கேன்யனின் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் மூச்சு வாங்கும். விழித்திரைக்கும் ஆக்சிஜன் தேவை என்பதால் இரவுப் பார்வையும் கொஞ்சம் மங்கும். இது விமானிகளுக்குச் சொல்லித் தருகிற பாடம். 5,000 அடிக்கு மேலேயே இரவுப் பார்வை பாதிக்கப்படலாம் என்பார்கள். கோடையிலும் ராத்திரி குளிரும். பாதையைப் பகலில் நூறு முறை நடந்து மனப்பாடமாக வைத்திருக்கிற ஆள் முன்னால் போவது இந்தச் சூழலில் பெரிய பலம்.

பௌர்ணமியா, அமாவாசையா?

பௌர்ணமி நடையையும் நட்சத்திரம் பார்ப்பதையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி.

முழு நிலா தரையில் தருகிற வெளிச்சம் அதிகம் போனால் கால் லக்ஸ் இருக்கும். சாதாரணத் தெரு விளக்கின் கீழே இதைப் போலப் பல பத்து மடங்கு வெளிச்சம் இருக்கும். ஆனாலும் பழகிய கண்ணுக்கு அந்தக் கால் லக்ஸ் தாராளம். பாதை தெரியும், பாறை தெரியும், நம் நிழல் கூடத் தெரியும். அதே நிலா வானத்தையும் வெளுக்க வைத்துவிடும். பால்வீதி காணாமல் போகும். பெரிய நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சும்.

எனவே பௌர்ணமி நடை நிலத்தைப் பார்ப்பதற்கு. பிரைஸ் கேன்யனில் ஹூடூ என்று சொல்கிற தூண் பாறைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பகலில் ஆரஞ்சும் செம்மையுமாக ஜொலிப்பவை. நிலவொளியில் அந்தச் சிவப்பு போய்விடும், சாம்பலும் வெள்ளியுமாக நிற்கும். குச்சி செல்களுக்குச் சிவப்பு தெரியாது என்று சொன்னேனே, அதன் நேரடி விளைவு. மங்கும் வெளிச்சத்தில் சிவப்பு முதலில் கறுத்துப்போவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே கவனித்து எழுதியிருக்கிறார். அந்த நிலத்தின் பூர்வகுடிகளான பையூட் மக்களிடம் ஒரு கதை உண்டு. தவறு செய்த ஆதி மனிதர்களைக் கயோட்டி கல்லாக்கிவிட்டது, அவர்கள்தான் இந்தத் தூண்கள் என்பது கதை. கயோட்டி என்பது அங்குள்ள ஓநாய் இனத்து விலங்கு. நிறம் போய், நிழல் நீண்டு, கூட்டம் கூட்டமாக நிற்கிற பாறைகளுக்கு நடுவே அந்தக் கதையைக் கேட்டால் நம்பத் தோன்றுமா இல்லையா?

நட்சத்திரத்துக்கு நிலா இல்லாத இரவு வேண்டும். 'பாதி நிலா இருந்தா பாதி வெளிச்சம்தானே' என்று நினைக்கலாம். அப்படி இல்லை. பாதி நிலாவின் வெளிச்சம் முழு நிலாவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். சூரிய ஒளி பக்கவாட்டில் விழும்போது நிலாவின் மேடு பள்ளங்கள் நிழல் போட்டுக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம்.

நேரக் கணக்கும் முக்கியம். தேய்பிறை அஷ்டமிக்கு நிலா நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இன்னும் தாமதம். வளர்பிறை சதுர்த்தி வரை நிலா முன்னிரவிலேயே மறைந்துவிடும். ஆகவே தேய்பிறை அஷ்டமியிலிருந்து வளர்பிறை சதுர்த்தி வரை, சுமார் பன்னிரண்டு நாட்கள், முன்னிரவில் நட்சத்திரம் பார்க்க நல்ல காலம். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் திதி போட்டிருக்கும்.

சூரியன் மறைந்ததும் இருட்டிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முழு இருட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பிரைஸ் கேன்யனில் ஜூன் மாதம் சூரியன் மறையவே இரவு 9 மணி நெருங்கிவிடும், முழு இருட்டு வர 10.30 தாண்டும். அங்கே கோடையில் இந்த நிகழ்ச்சிகள் தூங்கப்போகிற நேரத்தில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான்.

மேலே என்ன தெரியும்?

நிலா இல்லாத இரவில் 7,500 நட்சத்திரம் வரை பார்க்கலாம் என்பது அந்தப் பூங்கா சொல்லிவருகிற கணக்கு. எண்ணிப் பார்க்கப் போகிறவர் யாரும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். வெளிச்சம் நிறைந்த பெரிய நகரத்தில் நான்காம் பிரகாச எண்ணுக்கு மேல் மங்கலான எதுவும் தெரியாது. அந்த அளவுக்குள் வருகிற நட்சத்திரங்கள் முழு வானத்திலும் சேர்த்தே சுமார் 500. ஒரு நேரத்தில் தலைக்கு மேல் இருப்பது அதில் பாதி.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். நகரத்து வானத்தில் நட்சத்திர மண்டலங்களைக் கண்டுபிடிக்கப் பழகியவர், நல்ல இருட்டுக்குப் போனால் திணறிவிடுவார். நடுவில் ஆயிரக்கணக்கில் புதிதாக வந்து நிற்பதால் பழைய வடிவங்கள் தொலைந்துபோகும். அப்போது வழிகாட்டி பச்சை லேசரை மேலே நீட்டி, 'இதிலிருந்து இது, அங்கிருந்து அது' என்று கோடு போட்டுக் காட்டுவார். விமானிகளின் கண்ணைக் கூச வைத்துவிடும் என்பதால் இது தெரிந்தவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய பொருள். நாமாக வாங்கிக்கொண்டு போய் வானத்தில் அடிக்கக் கூடாது.

முதலில் வருகிறவர்களுக்கு ஓர் ஏமாற்றமும் காத்திருக்கும். இணையத்தில் பால்வீதியை ஊதாவும் நீலமுமாகப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கேமரா நிறைய நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்த படம் அது. கண்ணுக்குப் பால்வீதி வெண்சாம்பல்தான். நிறம் தெரிவது பளிச்சென்ற நட்சத்திரங்களில் மட்டும். விருச்சிகத்தின் நடுவில் இருக்கிற கேட்டை செம்மையாகத் தெரியும், ஏனென்றால் அதன் ஒளி கூம்பு செல்களை எழுப்புகிற அளவுக்கு இருக்கிறது.

வழிகாட்டிகள் சொல்லித் தருகிற ஒரு வித்தை: மங்கலான பொருளை நேராகப் பார்க்காதே, கொஞ்சம் பக்கத்தில் பார். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்களே கிடையாது. நேராக உற்றுப் பார்க்கப் பார்க்க மங்கல் நட்சத்திரம் மறைந்துபோகும். பார்வையைச் சற்று விலக்கினால் திரும்ப வரும். சிலருக்கு அன்றைய இரவில் டெலஸ்கோப்பைவிட இதுவே பெரிய ஆச்சரியமாக இருக்கும். தன் கண்ணில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதை அவ்வளவு வருஷமும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டி ஒருவர் இன்னொருவருக்குப் பார்க்கச் சொல்லித் தருவது நமக்குப் புதிது இல்லை. அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது அதேதான். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் இருப்பது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. ஆங்கிலப் பெயர்கள் மைஸார், அல்கோர். வசிஷ்டரின் பிரகாச எண் 2.2, அருந்ததியின் எண் 4. எண் கூடக்கூட மங்கல். இப்போது பெரும்பாலான கல்யாணங்களில் பட்டப்பகலில் மண்டப வாசலில் நின்று வெறும் வானத்தைக் காட்டுகிறார்கள். 'தெரியுதா?' என்று கேட்டால் மணப்பெண்ணும் 'தெரியுது' என்கிறாள். ராத்திரியே காட்டினாலும் நகரத்தில் அருந்ததி எல்லைக்கோட்டில்தான் இருப்பாள்.

இருட்டு எங்கே போனது?

மேல்நோக்கிச் சிதறுகிற விளக்கொளி காற்றில் இருக்கிற தூசியிலும் மூலக்கூறுகளிலும் பட்டுத் திரும்பி வந்து வானத்தையே ஒளிர வைக்கிறது. நீல ஒளி அதிகமாகச் சிதறும். வெள்ளை எல்இடி விளக்குகளில் நீலம் அதிகம். மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டபோது மின்சாரம் மிச்சமானது உண்மை. அந்த மிச்சத்தில் பல ஊர்கள் இன்னும் அதிக விளக்கு போட்டுக்கொண்டன என்பதும் உண்மை.

2016-இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாங்கள் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் கவலை தருவது. 2011 முதல் 2022 வரை உலகம் முழுவதும் ஆர்வலர்கள் வெறும் கண்ணால் பார்த்துப் பதிந்த 51,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டார்கள். இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. அதாவது எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பு. 250 நட்சத்திரம் தெரிகிற இடத்தில் பிறந்த குழந்தை, 18 வயதில் அதே இடத்தில் நின்று பார்த்தால் 100 தெரியலாம்.

பூங்காவுக்கு வேலி போடலாம், வானத்துக்குப் போட முடியாது. டெத் வேலி தேசியப் பூங்காவின் கிழக்கு வானத்தில் எவ்வளவோ தூரத்தில் இருக்கிற லாஸ் வேகஸின் ஒளி மூட்டம் தெரிகிறது. நடைக்குழுவில் ஒருவர் திறக்கிற செல்போனுக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். ஒருவரின் வெளிச்சம், எல்லோருடைய இருட்டு.

ஆனால் குழுவுக்கு ஒரு விதி போட முடிகிறது என்றால் ஊருக்கும் போட முடியும். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம், அங்கிருக்கும் லோவெல் வானாய்வகத்துக்காக, தேடல் விளக்குகளுக்கு எதிராக 1958-லேயே சட்டம் போட்டது. 2001-இல் உலகின் முதல் இருள் வான நகரமாக அங்கீகாரம் பெற்றது. பல்லாயிரம் பேர் வாழ்கிற ஊர், ஊருக்குள் இருந்தே பால்வீதி பார்க்கிறார்கள். விளக்குகளை அவர்கள் அணைத்துவிடவில்லை. மேலே போகாதபடி மூடி போட்டார்கள், தேவைக்கு மேல் பிரகாசம் வைக்கவில்லை.

பூங்காக்களில் யூட்டாவின் நேச்சுரல் பிரிட்ஜஸ் 2007-இல் முதல் இருள் வானப் பூங்கா ஆனது. பிரைஸ் கேன்யன் 2019-இல் சேர்ந்தது, ஆனால் அங்கே 1969-இலிருந்தே இரவு வான நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இதில் காசும் இருக்கிறது. பகலில் பார்த்துவிட்டுப் போகிற பயணி சாயங்காலமே கிளம்பிவிடுவார். நட்சத்திரம் பார்க்க வருகிறவர் ராத்திரி தங்கியே ஆக வேண்டும். கொலராடோ பீடபூமிப் பகுதிக்கு இருள் வானத்தை விரும்பி வருகிற பயணிகள் பத்து ஆண்டில் 580 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று 2019-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

நம்ம பக்கம்

லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் இருக்கின்றன. அதைச் சுற்றியுள்ள பகுதி 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்து ஆட்களுக்கே பயிற்சியும் டெலஸ்கோப்பும் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுவது அவர்கள்தான். இருட்டைக் காப்பாற்றினால் வருமானம் வரும் என்று ஊரே உணர்ந்தால்தான் வீட்டு விளக்குக்குத் திரை போடுவார்கள். மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள் வானப் பூங்கா ஆனது.

தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம், தெற்கு வானத்தில் இருக்கிறது. பிரைஸ் கேன்யனில் அது அதிகபட்சம் அடிவானத்திலிருந்து சுமார் 23 டிகிரிதான் ஏறும். சென்னையில் சுமார் 48 டிகிரி ஏறும். பிரகாசமான பகுதியை இங்கே இரண்டு மடங்கு உயரத்தில், குறைவான தூசிப் படலத்தின் வழியே பார்க்கலாம். வானத்தில் நமக்குக் குறைச்சல் இல்லை, குறைவது இருட்டு. ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்ததும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுவியதும், அந்த மலைக்கு அப்போது இருந்த இருட்டை நம்பித்தான்.

டார்ச்சைக் கட்டுப்படுத்தி நடத்துகிற இரவு நடை சென்னையிலேயே இருக்கிறது, ஆனால் வானத்துக்காக இல்லை. ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்கிற தன்னார்வ அமைப்பு 1988 முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி நடக்கிறது. முட்டையிடும் பருவத்தில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையை நோக்கிப் போகும். விளக்குகள் இல்லாத காலத்தில் அந்தத் திசை கடல். இன்றைக்கு அது சாலை. நட்சத்திரம் தெரியாமல் போவது நமக்கு ஓர் இழப்பு, ஆமைக்குஞ்சுக்கு உயிர்ப் பிரச்சினை.

போக நினைப்பவர்களுக்கு

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ராத்திரி நடக்க வேண்டாம். சட்டப்படி தவறு, யானையும் சிறுத்தையும் சட்டம் பார்க்காது. அனுமதி பெற்ற குழு இல்லையென்றால் சொந்தக்காரர் தோட்டம், ஊரை விட்டுத் தள்ளியிருக்கிற வயல்வரப்பு, ஏரிக்கரை போதும். பாதையைப் பகலிலேயே ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். பாம்பு நடமாட்டம் இருக்கும், மூடிய காலணி கட்டாயம், கையில் ஒரு கம்பு நல்லது. தனியாகப் போக வேண்டாம்.

திதி பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். குழுவில் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், நட்சத்திரம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. கிளம்பும் முன் எல்லோருடைய செல்போனையும் அணைத்துப் பைக்குள் போட வைப்பதும், நடுவில் யாரையும் எடுக்க விடாமல் இருப்பதும்தான் அவர் வேலை. அவசரத்துக்கு ஒரே ஒரு டார்ச், சிவப்பு கண்ணாடிக் காகிதம் இரண்டு மூன்று மடிப்பு சுற்றி, அவர் கையில் இருக்கட்டும். அரை மணி நேரம் மெதுவாக நடங்கள், பிறகு நின்று பாருங்கள்.

முதல் சோதனைக்கு ஏப்ரல், மே மாத முன்னிரவில் வடக்கு வானத்தில் சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். வால் பகுதியின் நடு நட்சத்திரத்தை ஒட்டி இன்னொன்று தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் கண்ணும் அந்த இடமும் நான்காம் பிரகாச எண் வரை தேறிவிட்டன. இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதம், அதே இடத்தில் திரும்பப் பாருங்கள். 2023 ஆய்வுக்கு உதவிய ஆயிரக்கணக்கான ஆட்கள் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.